ஆறு முன்னிசைகளும் ஒரு கேசட்டும்

சர்ச்சில் ஆர்கன் வாசிப்பது என்பது, சனங்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து முடிக்கிறவரை சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிற வேலை.

மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் மேடையில் பாடியவர்கள், தலைவர் வருகிறவரை கூட்டத்தைப் பிடித்து வைக்கப் பேசியவர்கள், ஆண்டு விழாவில் சாப்பாட்டுக்கு முந்தின நிகழ்ச்சி உங்களுடையது என்று சொல்லப்பட்டவர்கள், நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்கு நான் எதையும் நீட்டி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தருமபுரி டவுனில் எங்கள் சர்ச்சில் நான்தான் ஆர்கன் வாசித்தேன். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஆர்கன், காலால் மிதிக்கிற பழைய சாமான். இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே துருத்தி நிறையும், காற்று பித்தளை ரீடுகள் வழியாகப் போய்ச் சத்தம் வரும். ஊரில் அதற்குப் பெயர் பொட்டி, எனக்குப் பெயர் பொட்டிக்காரர். சபையார் ஒரு ஞானப்பாட்டைப் பாடுவதற்கு முன்னால், அந்தப் பாட்டின் மெட்டை வைத்துக்கொண்டு ஆர்கன் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் வாசிக்கும். அதற்கு முன்னிசை என்று பெயர். ஜெர்மனியில் கிராமத்துக்கு ஒருவர் உட்கார்ந்து இதை எழுதித் தள்ளியிருக்கிறார்கள். மெட்டு நேராக வராது. மேலே நாலு சுரங்கள் ஓடிக்கொண்டிருக்க, கீழே கட்டைக் குரலில் அது தன்பாட்டுக்கு நடந்து போகும். கவனித்துக் கேட்டால்தான் அகப்படும். அந்தக் 'கவனித்து' என்கிற வார்த்தையில்தான் என் பதினாறு வருஷமும் போயிற்று.

செருப்பு விடும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு நான் முன்னிசை ஆரம்பிப்பேன். அது காதில் விழுந்ததும் வாசலில் நிற்கிறவர்கள் செருப்பை விடுவார்கள். அதுதான் அதன் பயன். உள்ளே வந்தவர்கள் பாய் விரிப்பது, பிள்ளைக்குத் தலை சீவுவது, போன வாரம் வராதவர்களை ஏன் வரவில்லை என்று கேட்பது எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் நடந்தாக வேண்டும். நான் மெதுவாக வாசித்தால் மெதுவாகப் பேசுவார்கள். சத்தம் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள்.

ஒரு தடவை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டுகிற ஸ்டாப்புக் குமிழ்களை எல்லாம் இழுத்துவிட்டு, முழங்காலால் தள்ளுகிற சத்தப் பலகையையும் முழுக்கத் தள்ளி, ஜன்னல் கண்ணாடி அதிர வாசித்தேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காரும் கமிட்டி மெம்பரின் சம்சாரம் எழுந்து நேராக என்னிடம் வந்தார். கேட்டுவிட்டார்கள், பாராட்டப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். குனிந்து என் காதருகே சொன்னார்:

"கொஞ்சம் கொறச்சு வாசிங்க தம்பி, பாலக்கோட்டுல தக்காளி என்ன வெலைக்குப் போச்சுன்னு பக்கத்துல இருக்கறவங்க சொல்றது காதுலயே வுழமாட்டேங்குது."

பென்னாகரத்துக் கல்யாணம்

வெளியூர்க் கல்யாணங்களுக்கு மடக்கு ஆர்கன் ஒன்று உண்டு. மடக்கினால் டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கும். அதைப் பஸ் மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, பென்னாகரத்தில் இறக்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். அன்றைக்குக் கல்யாணம் பத்து மணிக்கு. பெண் வீட்டார் ஏரியூரிலிருந்து வேனில் வருகிறார்கள். வழியில் டயர் வெடித்து நிற்கிறார்கள் என்று சைக்கிளில் ஒருவர் வந்து சொன்னார். போதகர் என்னைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். நிறுத்தாதே, வாசித்துக்கொண்டே இரு என்று அர்த்தம்.

கல்யாணத்துக்கு உகந்த முன்னிசைகள் என்னிடம் ஏழு இருந்தன. அரை மணியில் தீர்ந்துவிட்டன. அதையே திரும்ப வாசித்தேன். பிறகு கிறிஸ்துமஸ் முன்னிசைகள். பிறகு அறுப்புப் பண்டிகை. பதினோரு மணிக்குமேல் சோகமான தவக்காலத்துக்குள் இறங்கிவிட்டேன். பதினொன்றரைக்குக் கையில் மிச்சமிருந்தவை அடக்க ஆராதனைக்கு, அதாவது சாவுக்கு, உரியவை மட்டுமே. கால் மரத்துப்போயிருந்தது, வெட்கமும் போய்விட்டது, ஒன்று விடாமல் வாசித்தேன். மாப்பிள்ளை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் வந்து, கல்யாணம் முடிந்து, பந்திக்குப் போகிற வழியில் மாப்பிள்ளை வீட்டாரின் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சர்ச்சுக்குள் அன்றுதான் முதல் தடவை வருகிறாராம். கண் கலங்கியிருந்தது.

"கடைசியா வாசிச்சீங்களே, ரொம்ப உருக்கமா இருந்துச்சுங்க. எங்கப்பாரு இழுத்துக்கிட்டுக் கெடக்கறாரு, உங்க அட்ரஸக் குடுத்துட்டுப் போங்க."

நோட்டு

சர்ச் அலமாரியில் பழைய கல்யாணப் பதிவேடுகளுக்கு அடியில் ஒரு தடித்த நோட்டு கிடந்தது. மை மங்கிய கையெழுத்தில் நாற்பது சொச்சம் முன்னிசைகள். எழுதியவர்கள் பெயரெல்லாம் நான் கேள்விப்பட்டதே இல்லை. பெரிய பெயர்கள் ஒன்றுகூடக் கிடையாது. எந்தெந்த ஊர்ச் சின்னக் கோயில்களிலோ என்னைப்போல உட்கார்ந்து, செருப்பு விடும் சத்தத்துக்கு நடுவே வாசித்தவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துப் பார்த்தேன். சில சுமார். சிலவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸில் ஒரு பெரிய சர்ச்சில் உதவி ஆர்கனிஸ்ட் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அங்கே இருப்பது நிஜமான குழாய் ஆர்கன். கைக்கு மூன்று வரிசை, காலுக்கே தனியாக ஒரு வரிசைக் கட்டைகள். விண்ணப்பிக்கிறவர்கள் ஆறு முன்னிசைகளைக் கேசட்டில் பதிந்து மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். எல்லாரும் அதே பெயர்பெற்ற மூன்றையே அனுப்பிக்கொண்டிருப்பதால், அதிகம் கேட்டிராதவையாக இருந்தால் நல்லது என்றும் போட்டிருந்தது. அங்கே போய் வந்த ஒருவர் சொல்லியிருந்தார், ஆராதனைக்குக் கால் மணி முன்னாலேயே வந்து வாயை மூடிக்கொண்டு முன்னிசை கேட்கிற சனம் அங்கே உண்டு என்று. எனக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி ஆசைப்பட்டு எனக்குப் பல வருஷம் ஆகியிருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் போதகரிடம் விஷயத்தைச் சொல்லி, சர்ச்சில் பதிவு செய்ய அனுமதி கேட்டேன். நல்ல மனுஷர். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். கரையான் அரித்த ஓரங்கள் அவர் மடியில் உதிர்ந்தன.

"தாராளமா பண்ணுங்க. இதுல கரையான் தின்னது போக மிச்சம் எத்தன நிமிஷம் வரும்?"

என் கால்

டேப்ரெக்கார்டர் பஷீர் பாயுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பதும் உண்டு. எங்கள் ஆர்கனில் ரீடு அடைத்துக்கொண்டாலும் அவர்தான் வந்து எடுப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் குளவி உள்ளே மண்கூடு கட்டி ஒரு சுரமே ஊமையாகிவிட்டபோது, ஊக்கை வளைத்து விட்டு முழுக் கூட்டையும் உடையாமல் எடுத்து என் கையில் வைத்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதிவு என்று முடிவு செய்தோம். சந்தை இல்லாத நாள், பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கிற நேரம், ஆபீஸுக்கு நான் அரை நாள் லீவு.

பஸ் ஹாரன் நான்கு தடவை. உரம் ஏற்றிய டிராக்டர் ஒரு தடவை. சர்ச் மதிலை ஒட்டிய வேலியில் யாரோ கட்டிவைத்திருந்த ஆடு, நான் கை வைக்கிற நேரம் பார்த்துக் கத்தியது. இத்தனைக்கும் நடுவே எப்படியோ ஒரு முன்னிசையை முழுதாக வாசித்து முடித்தேன். நல்ல முன்னிசை, நன்றாகவே வாசித்திருந்தேன். பாய் கேசட்டைத் திருப்பி ஓடவிட்டார். கிரீச் டொக், கிரீச் டொக் என்று என்னவோ ஓடிக்கொண்டிருக்க, தூரத்தில் எங்கேயோ ஆர்கன் மாதிரி ஏதோ கேட்டது. மிதிகட்டைக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தோம், சோப்பு தேய்த்துப் பார்த்தோம். கிரீச் கொஞ்சம் குறைந்தது, டொக் அப்படியே இருந்தது. மூன்று தடவை பதிந்து மூன்று தடவை கேட்டபின் பாய் மிகுந்த மரியாதையுடன் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க சார், உங்க பாட்ட விட உங்க காலு நல்லா வுழுந்திருக்கு."

கைப்பிடி

நல்லவேளையாக ஆர்கனின் பின்பக்கம் ஒரு ஓட்டை உண்டு. அதில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் சொருகி இன்னொருவர் மேலும் கீழும் ஆட்டினால், வாசிக்கிறவர் மிதிக்க வேண்டியதே இல்லை. அலமாரியில் தேடி அந்தக் கைப்பிடியைக் கண்டுபிடித்தோம். ஆட்டுவதற்கு முதலில் போதகரே முன்வந்தார். பிரசங்கம் செய்கிற மாதிரியே ஆட்டினார். ஆரம்பத்தில் நல்ல வேகம், நடுவில் வேறு ஞாபகம், முடிவில் ஒரே ஆவேசம். காற்று போய்ப் போய் வந்ததில் என் முன்னிசைக்கு மூச்சிரைத்தது.

சர்ச்சைப் பெருக்குகிற ராஜம்மா துடைப்பத்தோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல, ஆராதனைக்கு உள்ளே வந்து உட்கார்ந்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கவாட்டு வாசலுக்கு வெளியே நின்று, எல்லாரும் போனபின் பாய்களைச் சுருட்டக் காத்திருப்பார். பதினாறு வருஷத்தில் அவரும் நானும் பேசியதெல்லாம் "சார், காலத் தூக்குங்க" என்பதுதான். போதகர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ராஜம்மா துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார்.

"இது மாவாட்டறாப்பல ஆட்டறது இல்லீங்க ஐயா, தொட்டில் ஆட்டறாப்பல ஆட்டணும், நவுருங்க."

செல்

ராஜம்மாவின் கைக்குக் காற்று ஒரே சீராக வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு முன்னிசைகளையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். சரியாக ஆரம்பிக்கும்போது கரண்ட் போயிற்று. பாய் அசரவில்லை. டேப்ரெக்கார்டரைக் கவிழ்த்து ஆறு பெரிய பேட்டரி செல்களைப் போட்டார். நான் வாசித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் வாசித்தது கிடையாது. ஆடுகூட அன்றைக்குக் கத்தவில்லை. முடித்ததும் பாய் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாயங்காலம் அவர் கடையில் கரண்டில் போட்டுக் கேட்டோம். முதல் முன்னிசை சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தது. மூன்றாவதில் ஆர்கனுக்குத் தொண்டை கீச்சென்று ஆகிவிட்டது. ஆறாவது, சாவை எண்ணித் தியானிக்கும் பாட்டுக்கு உரிய முன்னிசை, சர்க்கஸ் குதிரை ஓடிய வேகத்தில் ஓடி முடிந்தது. அவை கடையில் ஏற்கெனவே பாதி உறிஞ்சிய செல்கள். அவை தீரத் தீர நாடா மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் துள்ளத்தானே செய்யும். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. பாய் டீ வரவழைத்துக் கொடுத்து ஆறுதல் சொன்னார்:

"கவலப்படாதீங்க சார், மெட்ராஸ்காரங்க செல்லும் இதேமாதிரி வீக்கா இருந்துச்சுன்னா எல்லாம் சரியா கேக்கும்."

வாசலில் பாய்

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. இந்தத் தடவை புதுச் செல்கள் பாயின் பையில் தயாராக இருந்தன, கரண்டும் இருந்தது. ஆர்கனுக்கு முன்னால் மைக் வைத்தால் தெருச் சத்தம் விழுகிறது என்று பாய் அதை ஆர்கனுக்குப் பின்னால் கொண்டுபோய், சுவரைப் பார்க்க வைத்தார். பொத்தானை அமுக்கிவிட்டு அவர் வாசலுக்குப் போய்விட்டார். அங்கே நின்று சைக்கிள் பெல் அடிக்கிறவர்கள், ஐஸ்காரர், மண்ணெண்ணெய் வண்டி எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார். உள்ளே நானும், ஆர்கனுக்குப் பின்னால் என் கண்ணில் படாமல் ராஜம்மாவும் மட்டும்தான்.

ஆறையும் வாசித்தேன். ஒரு தப்புக்கூட இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு தப்பு. ஆனால் ஏழாவது முன்னிசை ஒன்று கேட்டிருந்தால் அதையும் வாசித்திருப்பேன், அப்படி ஒரு மனநிலை. தபாலாபீஸ் மூட இருபது நிமிஷம்தான் இருந்தது. கேசட்டின் ஆரம்பத்தை மட்டும் போட்டுப் பார்த்தோம். பஸ் இல்லை, ஆடு இல்லை, என் கால் இல்லை. பாய் கேசட்டை உறையில் போட்டு ஒட்டினார். சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தார். ரிஜிஸ்டர் தபாலுக்கு ரசீது வாங்கி வெளியே வந்ததும், இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது.

"சார், அந்த வாசல்ல அர மணி நேரம் நின்னு ஊர் வாய அடைச்சிருக்கேன். வேல கெடைச்சா மெட்ராஸ்லயும் ஒரு வாசலுக்கு ஆள் வேணுமான்னு கேளுங்க."

பதில்

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு பக்கம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வாசிப்பு எங்களுக்குப் பிடித்திருந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த முன்னிசைகள் எங்களில் ஒருவரும் இதுவரை கேட்காதவை. ஆனால் ஆர்கனைத் தனியாக வாசித்ததைத்தான் கேட்டிருந்தோம். இரண்டாவது முன்னிசையிலிருந்து ஒரு பெண் கூடவே மெட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். விதிப்படி இந்தப் பதிவை எங்களால் ஏற்க இயலவில்லை, இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம். அந்த அம்மையார் எங்கும் மெட்டைத் தவறவிடவில்லை, அவருக்கு எங்கள் பாராட்டுகள்.

கேசட்டையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாய் கடைக்குப் போய்ப் போட்டேன். முதல் முன்னிசையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் மெல்லிய ஹூம் என்று ஆரம்பித்தது. வார்த்தை கிடையாது. மெட்டு மட்டும், நீட்டி நீட்டி. என் விரல்கள் மேலே எங்கெங்கோ ஓட, அந்தக் குரல் கீழே ஒளிந்திருந்த மெட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. ஐந்தாவதை மட்டும் திருப்பி இன்னொரு தடவை ஓடவிட்டேன். அதில் மெட்டு எந்தக் கையில் இருக்கிறது என்பதே எனக்கு நிச்சயமில்லை. ஏதோ வருகிறது என்று வாசித்திருந்தேன். அவர் அதையும் எடுத்திருந்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு வாசலில் நின்றதற்குப் பதில் உள்ளே நின்றிருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்.

கோபத்தோடுதான் சர்ச்சுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன கேட்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். ராஜம்மா ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அன்னைக்கி ஆட்டும்போது எதுக்குப் பாடுனீங்க?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது. அவர் துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டுவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி இல்லாமல், உதவி செய்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"நா எங்கீங்க பாடுனேன்? வாரா வாரம் பாட்ட எங்கியோ ஒளிச்சு வெச்சுப்போட்டுத் தேடித் தேடி வாசிக்கறீங்க, பாவம் அன்னைக்காவது கெடைக்கட்டும்னு எடுத்துக் குடுத்தேன்."

பதினாறு வருஷமாக ஒருத்தரும் கேட்பதில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்த முன்னிசைகளை விடாமல் கேட்டு வந்த ஒரே ஒரு ஆள், என் மெட்ராஸ் வேலையைக் கெடுத்த அதே ஆள்தான்.